வழி சொல்லும் குரல்

நான் வாங்கிய பழைய டொயோட்டா ஜப்பானிலிருந்து கப்பலில் யாங்கோனுக்கு வந்தது. அதில் வழி சொல்லும் குரல் இன்னும் ஜப்பானிய மொழியில்தான் பேசும். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. "சரி தாயே" என்பேன்.

நேற்று மாலை, ஒசாகாவில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டுப் பெண் நிலாரை ஏற்றி வந்தேன். என் வாசலில் நிறுத்தியதும் குரல் பேசியது.

"வீடு வந்தாச்சாம்ணே," என்று சிரித்தாள் நிலார்.

"யாரு வீடு?"

கதவருகே நின்ற என் மனைவி முறைத்தாள். "யாரைக் கூட்டிட்டு வந்தீங்க? அந்தப் பெரியவரு 'ததைமா'ன்னுட்டு நேரா உள்ள போறாரு!"

காரில் வந்தது நாங்கள் இருவர் மட்டும்தான். நிலாரைப் பார்த்தேன். அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"'வந்துட்டேன்'னு அர்த்தம்ணே. ஜப்பான்ல வீட்டு ஆளுங்க வெளியே போய்த் திரும்பினா சொல்றது."

படியில் எங்கள் செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருந்தது. நாங்கள் யாரும் அப்படி வைப்பதில்லை; ஜப்பான்காரர்கள் கழற்றி வைப்பதுபோல் முனை இரண்டும் தெருவைப் பார்த்திருந்தன.