மாலை போட்ட படம்

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்த போதை ஒழிப்புக் கூட்டத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் கறுப்பு முகக்கவசமும் தலையை மூடிய சட்டையுமாக உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சிரித்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன; அழுகையால் அல்ல.

மேடையில் தங்கமணி மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் சட்டம் போட்ட பெரிய படம். பட்டமளிப்பு அங்கி, சதுரத் தொப்பி, பல் தெரியும் சிரிப்பு, அதன்மேல் ரோஜா மாலை.

“கிள்ளான்ல, எங்க ஃப்ளாட்டு படிக்கட்டுலதாங்க கெடந்துச்சு என் புள்ள. பதினெட்டு முடியலங்க. கூட மாத்திரை போட்டதுங்க எல்லாம் போலீசுக்குப் பயந்து ஓடிருச்சுங்க. ஆம்புலன்ஸுக்கு யாராச்சும் ஒரே ஒரு போன் போட்டிருந்தா பொழச்சிருக்கும்.”

முன்வரிசையில் சங்கத் தலைவர் டத்தோ திருச்செல்வம் கைக்குட்டையை எடுத்தார். கேமரா தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து கண்ணைத் துடைத்தார்.

“பாவம்லா, எவ்வளவு படிச்ச புள்ள!” என்று கடைசி வரிசையில் ஓர் ஆன்டி மூக்கைச் சிந்தினாள். “மத்த கழிசடைங்க செத்தா செத்துட்டுப் போகட்டும். இது டிகிரி முடிச்சது!”

முகக்கவசக்காரி மறுபடியும் சிரித்தாள். ஆன்டி வெடுக்கென்று திரும்பினாள். “என்னம்மா சிரிப்பு? எதையாச்சும் போட்டுட்டு வந்திருக்கியா?”

“உங்க மேக்கப் ஒழுகுது ஆன்டி. அதான்.”

ஆன்டி கைகாட்ட, பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் வந்து குனிந்தார். “அடங்கி உக்காரு. ஒன் கண்ணப் பார்த்தாலே தெரியுது, நீ என்ன கேஸுன்னு.” நிமிரும்போது அவர் ஒரு கணம் தயங்கினார். “ஆமா, ஒன்ன எங்கயோ பார்த்திருக்கேனே?”

“நல்லா பாருங்க அங்கிள்.”

அவருக்கு எங்கே நேரம்? மேடையில் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். ஃபோட்டோவில் இடம்பிடிக்க ஓடிவிட்டார்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு படத்தையே முறைத்தாள். அந்த மாலையைப் பிய்த்தெறியத்தான் ஜொகூரிலிருந்து விடிய விடியத் தூங்காமல் பஸ்ஸில் வந்திருந்தாள். கூட்டம் கலையட்டும்.

டத்தோ மைக்கைப் பிடித்தார். “ஒரு பட்டதாரியைப் பறிகொடுத்துவிட்டோம்! படித்த பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், நம் சமுதாயம் சிந்திக்க வேண்டும்!” கைதட்டல் கூரையைப் பிளந்தது. சாவுக்குக் கைதட்டிய அதே கைகள் அடுத்த நிமிடம் பிரியாணிப் பொட்டலத்துக்கு நீண்டன. சமுதாயம் வரிசையில் நின்று இரண்டு பொட்டலம் கேட்டது.

எல்லாரும் போகவில்லை. தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர் மேடையோரம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார். “அக்கா, என் மவனும் இந்த மாத்திரைதான். வெளிய யாருகிட்டயும் சொல்லல.”

“நாளைக்கே வீட்டுக்கு வரேன் தம்பி. மயங்கிக் கெடந்தா மானம் பார்க்காத. மொதல்ல ஆம்புலன்ஸுக்குப் போன் போடு, அப்புறம் எனக்கு.”

அவருக்குப் பின்னால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி ஒரு தாய். அவளுக்குப் பின்னால் இன்னொரு தகப்பன். முகக்கவசக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கடைசி ஆளும் போனதும் விடுவிடுவென்று மேடையேறினாள். ஒரே இழுப்பு. மாலை அறுந்து ரோஜா இதழ்கள் சிதறின.

“ஏய், யாரு நீ?” என்று பதறினாள் தங்கமணி.

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். படத்திலிருந்த அதே முகம். சிரிப்பு மட்டும் இல்லை.

“செத்தது தங்கச்சிம்மா. தாமரை. என் படத்துக்கு எதுக்கு மாலை? போன கூட்டத்து வீடியோவப் பார்த்துட்டு, ஆபீஸ்ல ஒருத்தி என்னக் கண்டதும் அலறுறா!”

தங்கமணி குனிந்து இதழ்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“பதினெட்டு முடியலன்னு நீயே சொல்ற. அந்த வயசுல எவ டிகிரி வாங்குவா? இத்தன பேர்ல ஒருத்தருக்குக்கூடவா கணக்கு வரல?”

“தொப்பியப் பார்த்தா யாரும் கணக்குப் பார்க்க மாட்டாங்க, லோகேஸ்.”

“அதுக்காக அவள மறைச்சிருவியா? ஃபார்ம் த்ரீயோட படிப்ப நிறுத்திட்டா, கேங்ல சேர்ந்தான்னு ஒனக்கு அவமானம். பெத்தவதானே நீ?”

தங்கமணி நாற்காலிக்கு அடியிலிருந்த துணிப்பையை இழுத்து, இன்னொரு படத்தை எடுத்து மகளின் கையில் வைத்தாள். சிவப்புச் சாயம் பூசிய முடி, கழுத்தில் பச்சை குத்திய தேள், முறைக்கும் கண்கள். தாமரைதான். கண்ணாடியில் காய்ந்துபோன சந்தனமும், சட்டத்தில் பழைய மாலையின் நாரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

“இதுக்கு ஒருத்தரும் அழலம்மா.”