நானும் என் குடும்பமும்

பெண் வீட்டார் கொண்டுவந்த தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு முழம் மல்லிகை. அதன் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு பொம்மைக் கார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இப்படியும் ஒரு சீர் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் அறிவுச்செல்வன்.

பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. கவிநிலாதான் நேரில் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாளாம். அவனுக்கு வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பிப் போன வீடு. அம்மா பாஞ்சாலை கேசரியைக் கிண்டிக்கொண்டே அண்ணாமலையாரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க வெப்சைட்ட ஒண்ணு விடாம படிச்சிருக்கேங்க” என்றாள் கவிநிலா.

அறிவுச்செல்வன் உட்கார்ந்த இடத்திலேயே ஓரடி வளர்ந்தான்.

‘அருணை அக்கம்பக்கம்’ அவன் நடத்தும் ஊர்த் தளம். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், பௌர்ணமிக்கு பஸ்ஸை எங்கே நிறுத்துவார்கள், ரமணாசிரமம் பக்கம் எங்கே ரூம் காலி, எல்லாம் அதில் இருக்கும். நடுநடுவே குக்கர், தைலம், மெத்தை என்று அவனுடைய பரிந்துரைகளும் இருக்கும். அவன் கொடுத்த லிங்க்கைத் தொட்டு யாராவது வாங்கினால் அவனுக்குக் கமிஷன்.

அதில் ஒளிவுமறைவே கிடையாது. ‘இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் உண்டு’ என்று ஒவ்வொரு பதிவின் அடியிலும் போட்டுவிடுவான். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், ‘நானும் என் குடும்பமும் பயன்படுத்திப் பார்க்காத எதையும் பரிந்துரைப்பதில்லை.’ கமிஷனைச் சொல்லாமல் லிங்க் போட்ட கோபி என்ற உறுப்பினருக்கு, ஊரை ஏமாற்றலாமா என்று பாடம் நடத்தி, தளத்தைவிட்டே நீக்கிய உத்தமன் அவன்.

“இவ்ளோ நேர்மையா யாருங்க எழுதறாங்க?” என்றாள் கவிநிலா.

“நம்மள நம்பித்தானங்க ஜனங்க வாங்கறாங்க? பொய் எழுதினா சாமி சும்மா விடுமா?”

அவளுடைய அப்பா ராமதாஸ் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். “புள்ளைங்க எங்க தம்பி? ஸ்கூலுக்கா?”

“எந்தப் புள்ளைங்க?”

“உங்க ரெட்டப் புள்ளைங்கதான். அவங்களுக்குத்தான் எங்க பாப்பா கார் வாங்கியாந்திருக்கு.”

அறிவுச்செல்வனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ‘எங்கள் வீட்டு இரட்டையர் ராத்திரி முழுக்க அழாமல் தூங்கினார்கள்’ என்று சில வருஷம் முன்பு ஒரு டயப்பருக்கு எழுதியிருந்தான். டயப்பருக்குக் கமிஷன் ஜாஸ்தி.

“அந்தப் புள்ளைங்களோட அம்மாவப் பத்தி எவ்ளோ ஆசையா எழுதுவீங்க” என்றாள் கவிநிலா. “முட்டி வலிக்கு நீங்களே தைலம் தேச்சு விட்டது, கை நோவுதுன்னு சொன்னதும் கிரைண்டர் வாங்கிக் குடுத்தது... போன வருஷத்துலேர்ந்து ஒரு வரி இல்ல. தவறிட்டாங்கன்னு புரிஞ்சிடுச்சு. அன்னிக்கு நான் சாப்பிடவே இல்லீங்க.”

போன வருஷம்தான் சமையல் சாமானுக்குக் கமிஷனைக் கம்மி பண்ணியிருந்தார்கள். அதற்கப்புறம் அந்த மனைவிக்குத் தளத்தில் வேலை இல்லாமல் போயிற்று.

“இவளும் அம்மா இல்லாம வளந்தவ தம்பி” என்றார் ராமதாஸ். “தரகர் மணி மொதத் தாரம்னுதான் சொன்னாரு. தரகருங்க உண்மையா சொல்லுவாங்க? ரெண்டாம் தாரம்னு சொந்தக்காரங்க ஏசினாங்க. அந்தப் புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டா.”

கேசரித் தட்டோடு வந்த பாஞ்சாலை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அடப்பாவி! எனக்குத் தெரியாம ரெட்டப் புள்ளையாடா?”

இனித் தப்பிக்க வழியில்லை. “ஐயோ, இல்லம்மா! எனக்குக் கல்யாணமே ஆவலீங்க. பொண்டாட்டி, புள்ளைங்க, முட்டி வலி எல்லாம் சும்மா எழுதினது. கமிஷனுக்கு!”

சொல்லி முடித்த பிறகுதான் அதில் இருந்த நல்ல சேதி அவனுக்கே உறைத்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தான். “மணி சொன்னது நெசம்தாங்க. மொதத் தாரம்! உங்களுக்கும் சந்தோஷம்தான?”

ராமதாஸ் மகளைப் பார்த்தார். கவிநிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்கப்பா, போலாம். எனக்கு அந்தப் பொண்டாட்டி செத்த மனுஷரத்தான் புடிச்சிருந்துது.”