மாரிசாபெலின் நட்சத்திரம்

"இந்த நாற்காலியிலதான் எம் பொண்ணு உக்காருவாளா மேடம்?"

"இதேதான்மா. ஒரு கால் குட்டை. மாத்தித் தரேன்னா 'வேணாம்'னு சொல்லிடுவா" என்றார் பேராசிரியை ஒபேலியா.

எவுலாலியா கூடையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். நவம்பரில் வரும் இறந்தவர்களின் நாளுக்காக, போனவரின் உருவில் சுட்டது. ஒரு முனையில் சின்னதாக ஒரு பெண்முகம். அதை நாற்காலியில் படுக்கவைத்தாள்.

கணவர் செவேரோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஓருரோ ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். மகள் மாரிசாபெல் இறந்துபோன பிறகு வரும் முதல் நவம்பர். அவள் கவனித்துவருவதாகச் சொன்ன நட்சத்திரத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் பல்கலைக்கழக வானாய்வகத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும், ஒளி ஏறி இறங்கும் நட்சத்திரம் ஒன்றை ஒப்படைப்பார்கள். படிப்பு முடியும்வரை அதற்கு அவர்தான் பொறுப்பு. சம்பளம் கிடையாது.

"வீட்ல ஒரு ஆட்டைப் பாத்துக்கத் துப்பில்ல. இவகிட்ட போய் நட்சத்திரத்தைக் குடுத்திருக்காங்க!" என்றார் செவேரோ.

"சும்மா இருங்க. அவ ஒண்ணும் உங்கள மாதிரி இல்ல."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஆய்வு மாணவன் லிசாந்த்ரோ தொலைநோக்கியைத் திருப்பினான். "இதாம்மா அவளோடது. சிவப்பா, மங்கலா."

எவுலாலியா குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "இளைச்சுப் போயிருக்கே தம்பி."

"இப்ப ஒளி இறங்குற நேரம்மா. மறுபடி ஏறும்."

"இனி யாரு பாத்துக்குவா?"

"நான்தாம்மா."

அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். அடுத்து செவேரோ கண்ணை வைத்தார். அவர் நிமிர்ந்தபோது தொலைநோக்கியின் கண்ணாடி நனைந்திருந்தது.

லிசாந்த்ரோ எவுலாலியாவைக் கைப்பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனான். செவேரோ பின்தங்கினார்.

"போன்ல கேட்டுக்கிட்டபடியே செஞ்சீங்க மேடம். மாரிசாபெல் இங்க சேரவே இல்ல, பரீட்சையில தோத்துட்டு சந்தையில வேலை பாத்தான்னு தெரிஞ்சா, எம் பொண்டாட்டி தாங்கமாட்டா."

இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு லிசாந்த்ரோ திரும்பி வந்தான்.

"எப்படியோ அந்தம்மா நம்பிட்டாங்க" என்றார் பேராசிரியை.

லிசாந்த்ரோ தொலைநோக்கியை மூடினான்.

"படியில என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க மேடம். 'அவ இங்க படிக்கலைன்னு எனக்கு எப்பவோ தெரியும் தம்பி. அவருக்கு மட்டும் தெரிய வேணாம், உடைஞ்சிடுவாரு'ன்னாங்க."