ஒரு சொட்டும் புகாது

பஸ்ரியன் அடைத்த ஓட்டையில் திரும்பவும் தண்ணீர் புகுந்ததாக மன்னார்க் கரையில் ஒருவரும் சொன்னதில்லை. இன்றைக்கு அதை அவரே சொல்ல வேண்டியிருந்தது.

"பிறகும் நிக்குது" என்றார், குந்தியிருந்து உள்ளே பார்த்தபடி.

முப்பது வருடமாக ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர் அவர். ஆனால் இப்போது தண்ணீர் நின்றது படகில் அல்ல. அவருடைய பழைய காரின் முன்விளக்குக்குள்.

மாரி தொடங்கியபோது கண்ணாடியின் உட்பக்கத்தில் இலேசாக ஆவி மட்டும் படிந்தது. வெயில் ஏற மறைந்தும் போனது. அதையே பொறுக்காமல் விளக்கைக் கழற்றி, விளிம்பு, மூடி, பின்மூலையில் கீழ்நோக்கி வளைந்து வாய் திறந்திருந்த சின்ன ரப்பர் குழாய் எல்லாவற்றையும் படகுக்குப் பூசும் ரெசினால் அடைத்தார். அடுத்த கிழமை உள்ளே துளிகள் கோத்து நின்றன. மேலே இன்னொரு பூச்சுப் போட்டார். இன்றைக்கு அடியில் இரண்டு விரல் தண்ணீர்.

விளக்கைக் கழற்றிக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தார். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

விறாந்தைக் கதிரையில் இருந்த அவர் மனைவி றஞ்சிதம், வீங்கிய காலை மெல்லத் தூக்கி வாங்கில் வைத்தாள்.

"நாளைக்கு நான் வரேல்ல."

சிறுநீரகம் பழுதான அவளுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பஸ்ஸில் அவ்வளவு தூரம் இருக்க அவளால் முடியாது. காரில் திரும்பும்போது மைம்மலாகி இருட்டிவிடும். போன வெள்ளி, முருங்கன் தாண்டித் தெருவில் படுத்திருந்த மாடுகள், தண்ணீர் நின்ற விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் மிகக் கிட்டப் போன பிறகுதான் அவர் கண்ணில் பட்டன.

"விசர்க்கதை கதையாதை. போகாட்டி என்ன நடக்கும் எண்டு டொக்டர் சொன்னவர்தானே?"

"உங்கட போட்டில போறவன் கரைக்கு வந்திடுவான். உங்கட காரில போற நான் வருவனோ தெரியாது. எனக்காக நீங்களும் ஏன் சாகவேணும்?"

கடலையே வெளியில் நிறுத்தத் தெரிந்த பஸ்ரியனின் கைகள், ஒரு கோப்பை அளவு விளக்கின் முன்னால் ஒன்றும் செய்யத் தெரியாமல் கிடந்தன.

விளக்கை உரப்பையில் போட்டுச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, தாராபுரத்தில் வாகன உதிரிப்பாகக் கடை நடத்தும் ஸீனத்திடம் போனார்.

ஸீனத் அதை வெளிச்சத்தில் தூக்கி ஆட்டினாள். களுக் களுக் என்றது.

"இது லைற் இல்லை அண்ணை, மீன் தொட்டி. ரெண்டு மீனை விட்டா வளரும்."

"பகிடியை விடு பிள்ளை. புதுசு இருக்கோ?"

"கொழும்பில இருந்து வர ஒரு கிழமை செல்லும்."

"நாளைக்கு விடிய வெளிக்கிடவேணும். இதைச் சரிப்படுத்தாட்டி மனிசி காரில ஏறமாட்டாள்." அவர் பசை இருந்த தட்டைக் காட்டினார். "இருக்கிறதில நல்ல பசையாத் தா. இன்னொருக்கா அடைச்சுப் பாக்கிறன்."

ஸீனத் பசையை எடுக்கவில்லை.

"லைற் எரியேக்க உள்ளுக்க காத்துச் சூடாகி விரியும். மேல மழை பட்டா சட்டெண்டு சுருங்கும். சுருங்கேக்க உறிஞ்சும் அண்ணை. மயிரிழை வெடிப்பெண்டாலும் போதும், தண்ணி உள்ளுக்க வந்திடும்."

"அந்த வெடிப்பைத்தானே பிள்ளை நானும் தேடுறன்! கை வைக்காத இடமில்லை."

அவள் விளக்கைத் திருப்பினாள். பின்மூலையில் ரெசின் கட்டியாகத் திரண்டு இறுகியிருந்தது.

"இதுக்குள்ள என்ன?"

"ஒரு சின்னக் குழாய். வாயைத் திறந்தபடியே விட்டிருந்தாங்கள். கொம்பனிக்காரன் மூட மறந்திட்டான் போல." பஸ்ரியன் பெருவிரலால் அந்தக் கட்டியை அழுத்திக் காட்டினார். அது அசையவில்லை. "மற்ற இடமெல்லாம் ரெண்டு பூச்சு. இதுக்கு மட்டும் நாலு."

ஸீனத் மேசை லாச்சியைத் திறந்து, ஒரு சின்னக் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அதை வெட்டித் திறந்து விடுங்கோ அண்ணை, ஈரம் வெளிய போற வழியே அதுதான்."