நடு ஹாலில் ஒரு கழிப்பறை

"நடு ஹால்ல யாராவது கழிப்பறை கட்டுவாங்களா, ஆர்வில்?"

ஆர்வில் இன்னொரு டோனட்டை எடுத்துக் கடித்தான்.

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடங்களுக்கான குட்டிக் கணினி மொழி ஒன்றைப் பழைய சிப்பிலிருந்து புது சிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கெடு. இந்தப் புண்ணியவானோ, 1240-ம் முகவரியில் ஓரமாகச் சமர்த்தாக இருந்த, மணி, திரை எல்லாவற்றையும் இயக்கும் அட்டவணையைத் தூக்கி, மெமரியின் நட்டநடுவில், 4012-ல் வைத்திருக்கிறான். காலி இடம் இரண்டாகப் பிளந்துவிட்டது. இனிப் பிள்ளைகள் பெரிய புரோகிராம் எதுவும் எழுத முடியாது.

"திரும்ப 1240-லயே வை."

முதலாளி டெல்மரின் அறைக் கதவு திறந்திருந்தது. ஆர்வில் அதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அங்கயே இருக்கட்டும், விடு."

"ஏன்?"

"நடுவுல இருந்தா காத்தோட்டமா இருக்கும்."

சிப்புக்குள் காற்றோட்டமாம். மார்லிஸ் விறுவிறுவென்று டெல்மரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். கையேட்டில் ஒரு பிழை வந்ததற்கே போன மாதம் ஒருவனை வீட்டுக்கு அனுப்பிய மனுஷன் அவர்.

"எந்த மடையன் அதை அங்க வச்சது?" என்றார் டெல்மர்.

"நான்தான் சார்," என்று பின்னாலேயே வந்து நின்றான் ஆர்வில்.

"எதுக்கு?"

ஆர்வில் மார்லிஸை ஒரு தரம் பார்த்தான். "4012 எனக்கு ராசியான நம்பர்."

"அப்ப உன் ராசியோட வேற கம்பெனி பாத்துக்கோ."

மினியாபோலிஸ் பனியில் ஆர்வில் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். மார்லிஸுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அட்டவணையை 1240-க்கு மாற்றினாள். மெமரி விசாலமாகிவிட்டது.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி. நானூறு பள்ளிகளுக்குப் போய்விட்ட கையேட்டைப் பிரித்து, முதல் பயிற்சியைச் செய்தாள்.

'4012-ல் 7 என்று எழுதுங்கள். மணி அடிக்கும்.'

எழுதினாள். மணி அடிக்கவில்லை.

கையேட்டில் எப்படி 4012 வந்தது? 1240 அல்லவா இருக்க வேண்டும்?

பழைய சிப் முகவரியின் பின்பாதியை முதலில் வைக்கும்; 12-40 என்பது அதில் 40-12. புதியது நேராகவே வைக்கும். பழைய பழக்கத்தில், நேராக இருந்ததைக் கையேட்டில் திருப்பிப் போட்டாயிற்று. அச்சான தப்பை மாற்ற வழியில்லாமல், ஆர்வில் மெமரியையே தப்புக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறான்.

டெல்மர் எட்டிப் பார்த்தார்.

"மணி அடிக்கலையா? கையேட்டுல தப்பு இருக்காதே மார்லிஸ், அதை எழுதினது நீதானே?"