சத்தம் போட வேண்டாம்

"அடிக்காதீங்க... ஐயோ, கையை விடுங்க..."

பக்கத்து வீட்டிலிருந்து அந்தக் குரல் எழுந்ததும் வீரம்மா இடியப்ப உரலைப் போட்டுவிட்டு, அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையைத் தூக்கினாள். வாசல்வரை ஓடியவள் சட்டென்று நின்றாள். கையிலிருந்த கட்டையைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன மாதமும் இப்படித்தான். அலறல் கேட்டுப் பக்கத்து ராஜலிங்கம் ஐயா வீட்டுக்குள் பாய்ந்தாள். கூடத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். வீரம்மா யோசிக்கவில்லை, அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் சுருண்டு விழுந்த பிறகுதான் மூலையில் நின்ற கேமராவையும், அதன் பின்னால் தலையில் கைவைத்து நின்ற ஜனகனையும் கண்டாள்.

ஜனகன் ஐயாவின் தங்கை மகன். கையில் இருந்ததையெல்லாம் போட்டு முதல் படம் எடுக்கிறவன். வீடு பிடிக்க வழியில்லாமல் மாமா வீட்டிலேயே எடுத்தான். நடிகைக்கு உடுப்பு வாங்க முடியாமல், அதே வீட்டில் மாமாவின் மகனோடு வாழும் மருமகள் தர்ஷிகாவின் பச்சைச் சாரியைக் கட்டிவிட்டான். எல்லாருக்கும் லீவு கிடைக்கிற நாளில்தான் வேலை நடக்கும். தேத்தண்ணிக்கு நீர் கொதிக்கவைக்கிற கேத்தல்கூட வீரம்மாவுடையது.

அவள் அடித்த அடியில் நடிகன் அன்று எழும்பவே இல்லை. அடுத்த தடவை கேட்டில் ஒரு பலகை தொங்கியது: 'படப்பிடிப்பு நடக்கிறது. சத்தம் போட வேண்டாம்.' அது வீரம்மாவுக்காகவே எழுதியது என்று கட்டுகஸ்தோட்டைச் சந்திவரை சிரித்தார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "ஸ்டண்ட் மாஸ்டருக்கு இடம் விடுங்க" என்றான்.

இப்போது மறுபடியும் அலறல். உள்ளே பீங்கான் ஏதோ நொறுங்கியது. ஓர் அறை விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல.

கட்டையை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கேட்டுக்கு உள்ளே, வேட்டி கசங்காமல், கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ராஜலிங்கம் ஐயா. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். துரைக்கு முன்னாலும் முதுகு வளையாத மனுஷர் என்று பேர் எடுத்தவர்.

"என்ன வீரம்மா, மறுபடியும் கட்டையோடயா?"

"இல்லீங்கய்யா... சத்தம் ஒரு மாதிரியா இருந்திச்சு."

"படம்னா சத்தம் இருக்காதா? அன்னைக்கு நீ கெடுத்த சீனைத்தான் திரும்ப எடுக்கிறானுங்க."

வீரம்மா கூனிப்போனாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து "அம்மா" என்று ஒரு குரல் கிழிந்து வந்தது. அவள் கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு பச்சைச் சாரி தரையோடு இழுபட்டுப் போனது. நடிகை கட்டிய அதே சாரிதான். அவளுக்கு மூச்சு வந்தது.

"அந்தப் புள்ள அன்னைக்கு இவ்வளவு கத்தலீங்களே."

"பழகிட்டா," என்றார் ஐயா.

"இன்னைக்கு ஒரு பொடியனும் சீனி, தேத்தூளுன்னு வரல்லியே. கேத்தலு உள்ளதானே இருக்கு? நான் போயி ஊத்திக் குடுக்கட்டுங்களா?"

"காசு தீந்துபோச்சாம். பச்சைத்தண்ணியக் குடிச்சிட்டு எடுக்கிறானுங்க. நீ உள்ள போகாத. யாரும் போகக்கூடாதுன்னுதானே நான் இங்க காவலுக்கு உக்காந்திருக்கேன்?"

தெருவில் போன ஆட்டோ ஒன்று நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, "என்னக்கா அங்க, யாரையோ போட்டு அடிக்கிறாங்க?" என்று கேட்டபடியே இறங்கப் பார்த்தான்.

வீரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை ஏமாந்தவள் அவள் இல்லை.

"ஷூட்டிங்கு தம்பி. போர்டு தெரியல்லியா? நீங்க போங்க."

அவன் பலகையைப் பார்த்து அசடு வழிந்துவிட்டுப் போனான். ஐயா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த வாசலில் இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

"நம்ம வீட்டுச் சத்தம் இந்தக் கேட்டத் தாண்டி ரோட்டுக்குப் போனதே இல்ல வீரம்மா," என்றார். "எங்கப்பா காலத்துலருந்து."

உள்ளே கனமான எதுவோ சுவரில் மோதி விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"கட் சொல்லிட்டாங்க போல," என்றாள் வீரம்மா.

ஐயா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கட்டையை அடுப்பில் செருகினாள். அது திகுதிகுவென்று பற்றிக்கொண்டது. இரண்டாம் தட்டு இடியப்பம் வெந்து இறங்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். முதுகில் பையும் கையில் அவளுடைய கேத்தலுமாக, பஸ்ஸில் வந்த களைப்போடு ஜனகன் நின்றான்.

"மன்னிச்சிருங்கக்கா. சாமான் சட்டோட இதையும் கொழும்புக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம்."

வீரம்மா கேத்தலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நீங்க உள்ள படம் எடுக்கலியா தம்பி?"

"படம் போன கிழமையே முடிஞ்சிருச்சேக்கா. கேமராவையும் திருப்பிக் குடுத்தாச்சு."

அவள் கண் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் போனது. "அப்ப... அந்தப் பலகை?"

"அதுவா? அன்னைக்கே கழட்டத்தான் போனேன். மாமாதான் தொங்கட்டும்னாரு."