முதல் புகார்

வேட்டைத் துப்பாக்கி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மெர்போக் என்ற ஊரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். லுக்மான் எடுத்தான்.

“தம்பி, சேஃப்டி போட்டிருந்தும் துப்பாக்கி வெடிச்சிருச்சு. காட்டுப்பன்னி விரட்டப் போன என் வீட்டுக்காரரு மயிரிழையில தப்பிச்சாரு. புகார் எழுதிக்குங்க.”

“எழுதுறேன்க்கா. ஆனா அவர் கீழ போட்டிருப்பாரு லா. எங்க ஃபேக்டரியில ஒண்ணொண்ணா சோதிச்சுத்தான் அனுப்புவாங்க. துப்பாக்கியில சோதிச்சவங்க நம்பர் இருக்கும், பாருங்க.”

“இருபத்தேழு.”

லுக்மான் சிரித்தான். “அவங்க பதினோரு வருசமா ஒண்ணுகூட தப்பா விட்டதில்லக்கா.”

“இந்தத் தடவை விட்டுட்டேன், தம்பி. அந்த இருபத்தேழு நான்தான். உமாராணி.”

லுக்மான் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, உங்க வேலையே போயிடுமே! மேனேஜர்கிட்ட மெதுவா சொல்லியிருக்கலாமே?”

“நேத்தே சொன்னேன். இந்தத் துப்பாக்கியைச் சோதிச்ச அன்னிக்கு நான் பார்த்த நாற்பது துப்பாக்கியையும் திரும்ப வரவழைங்கன்னேன். ‘வாடிக்கையாளர் யாருமே புகார் கொடுக்கலையே’ன்னாரு. அந்தத் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கின வீடு இது. இப்ப நான் வாடிக்கையாளரா பேசுறேன்.”

லுக்மான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“நாற்பது துப்பாக்கியோட நம்பரையும் சொல்லுங்கக்கா” என்றான்.